பூனையின் பாதத்தைத் தொட்டுப் பாருங்கள்

வாயில்லா ஜீவன் – வாசகர் கேள்விகள்
பதில் அளிப்பவர்: நீலகிரியில் அரசுக் கால்நடை மருத்துவராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர், கோத்தகிரி

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பூனைகளைப் பற்றியவை. அதிலும், நன்றாக நடமாடிக்கொண்டிருந்த பூனை திடீரென்று விழுந்துவிட்டது என்பவையே அதிகம். ஆகவே ஆடு, மாடு பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கியிருக்கிறேன்.

டாக்டர் அம்மா, எங்கள் பூனை கருப்பனுக்கு ஆறு வயது. நோய் என்று ஒரு நாளும் படுத்ததில்லை. ஜனவரியில், உறைபனி விழுந்த ஓர் இரவு, சாப்பிட்டுவிட்டு விறகு அடுக்கின் மேல் ஏறிப் படுத்தான். விடியற்காலையில் இதுவரை கேட்டிராத ஓர் அலறல் கேட்டு எழுந்தோம். இரண்டு பின்னங்கால்களையும் இழுத்துக்கொண்டு, முன்னங்கால்களால் தவழ்ந்து வந்தான். பனி தாக்கிவிட்டது என்று என் மாமியார் அவனைக் கணப்பின் அருகே கிடத்தி, கால்களில் வெந்நீர்ப் பை வைத்தார். பக்கத்து வீட்டு அண்ணன், பாம்பு தீண்டியிருக்கும் என்றார். ஆஸ்பத்திரி திறக்கும் நேரம் பார்த்துக் கொண்டுபோனோம். மதியம் இறந்துவிட்டான். யாராவது விஷம் வைத்தார்களா? காரணம் தெரியாமல் மனம் ஆறவில்லை.
– வாசகி, கேத்தி

யாரோ விஷம் வைத்தார்கள் என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள் அம்மா. ஹட்டி போன்ற சிறு மலைக் கிராமத்தில் எல்லோரும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்து வாழ வேண்டியவர்கள். நீங்கள் விவரித்திருப்பது இதய நோயால் வரும் முடக்கத்தோடு அப்படியே பொருந்துகிறது.

பூனைகளுக்கு இதயத் தசை தடித்துப்போகும் நோய் ஒன்று உண்டு. மெயின் கூன், ராக்டால் போன்ற வெளிநாட்டு இனங்களில் இதற்கான மரபணுக் கோளாறு கண்டறியப்பட்டிருக்கிறது. ஆனால் நம் அடுப்படியில் வளரும் நாட்டுப் பூனைக்கும் இது வரும். ஆண் பூனைகளுக்கு அதிகம் வரும். தசை தடித்த இதயத்தின் இடது மேலறை விரிந்துபோகிறது. அங்கே தேங்கும் ரத்தம் உறைகிறது. உறைந்த துண்டு ஒன்று பெருந்தமனி வழியே இறங்கி, இடுப்பருகே தமனி இரு கால்களுக்கும் பிரியும் இடத்தில், வாய்க்கால் பிரிவில் சிக்கிய மரக்கட்டை போல அடைத்துக்கொள்கிறது. அந்த நொடியிலேயே பின்னங்கால்களுக்கு ரத்தம் போவது நின்றுவிடுகிறது. முந்தைய இரவு வரை துள்ளிக் குதித்த பூனைக்கு இது நேரலாம். பல வீடுகளில், பூனைக்கு இதய நோய் இருப்பதே இந்த முடக்கம் வந்த பிறகுதான் தெரியவருகிறது. உங்கள் கவனிப்பில் குறை எதுவும் இல்லை.

இதை வீட்டிலேயே அடையாளம் காண முடியும். பின்பாதத்தைக் கையில் பிடித்துப் பாருங்கள். ரத்தம் நின்ற பாதம் சில்லிட்டிருக்கும். உள்ளங்கால் மெத்தை இளஞ்சிவப்பாக இருக்கும் பூனை என்றால், அது வெளுத்தோ நீலம் பாரித்தோ தெரியும். கெண்டைத் தசை விறைத்துக் கல்லாகியிருக்கும். தொடையின் உட்புறம் விரல் வைத்தால் நாடித் துடிப்பு கிடைக்காது. பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கும், வலியால் அலறும்.

நம் மலையில் ஒரு சிக்கல் இருக்கிறது. தலைக்குந்தாவில் புல்வெளி வெள்ளையாகும் பருவத்தில் எல்லாப் பூனைகளின் பாதமும் குளிர்ந்துதான் இருக்கும். அதனால்தான் "பனி தாக்கியது" என்று பெரியவர்கள் நினைத்துவிடுகிறார்கள். பின்பாதத்தை மட்டும் தொட்டுவிட்டு முடிவு செய்யாதீர்கள். ஒரு கையில் முன்பாதத்தையும் மறு கையில் பின்பாதத்தையும் பிடித்து ஒப்பிட்டுப் பாருங்கள். முன்பாதத்தில் சூடு இருந்து பின்பாதம் மட்டும் சில்லென்று இருந்தால், அது குளிரால் வந்ததாக இருக்காது. வீட்டுக்குள் படுத்த பூனைக்குப் பனியால் இரண்டு பின்னங்கால்கள் மட்டும் ஒரே நேரத்தில் விழுவதில்லை.

பாம்பு பற்றியும் சொல்லிவிடுகிறேன். கேத்தியின் உயரத்தில், உறைபனி விழும் இரவில் பாம்பு வெளியே வந்து தீண்டுவது நடக்கக்கூடியதாக எனக்குத் தோன்றவில்லை. மசினகுடி போன்ற கீழ்ப்பகுதிகளில் கட்டுவிரியனை மனத்தில் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். அதன் நஞ்சு நரம்பைத் தாக்கும். தளர்ச்சி உடல் முழுவதும் பரவி, கடைசியில் மூச்சும் நிற்கும். ஆனால் கால்களுக்கு ரத்த ஓட்டம் இருக்கும், தொடை நாடியும் துடிக்கும்.

வெந்நீர்ப் பை வைத்தது உங்கள் மாமியாரின் பரிவு. இருந்தாலும் மற்ற வாசகர்கள் அதைச் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். உணர்வும் ரத்த ஓட்டமும் இல்லாத காலுக்குச் சூடு தெரியாது, தோல் வெந்துபோகும். காலைத் தேய்த்துவிடவும் கூடாது. கம்பளியில் தளர்வாகச் சுற்றி, அட்டைப்பெட்டியில் கிடத்தி, உடனே கிளம்புங்கள். சில மணி நேரத்தில் அலறல் ஓய்ந்தால் வலி தீர்ந்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். நரம்பு மரத்துப்போவதாலும் அப்படி ஆகும்.

மருத்துவர் முதலில் செய்ய வேண்டியது வலிக்கு ஊசி போடுவது. மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான். வலியில் துடிக்கும் பூனையை மேசையில் போட்டுவிட்டு "பார்க்கலாம்" என்று சொல்வதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். நீங்களும் வாய் திறந்து கேளுங்கள். இந்த நோயில் சிகிச்சை தொடங்கிய பூனைகளிலும் பாதிக்கு மேல் பிழைப்பதில்லை. ஒரு கால் மட்டும் விழுந்திருந்தால், உடல் வெப்பம் தாழாமல் இருந்தால் நம்பிக்கை கூடுதல். பிழைத்த பூனைக்கு மீண்டும் அடைப்பு வராமல் தடுக்கக் குளோபிடோக்ரல் மாத்திரை தருகிறோம். அது ஆஸ்பிரினைவிட நன்றாகத் தடுக்கிறது என்று 2015இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். இத்தனைக்குப் பிறகும் பூனை தேறாது, வேதனை மட்டுமே மிஞ்சும் என்ற நிலை வந்தால், ஊசி போட்டு நோவின்றி உயிர் பிரியச் செய்வதும் மருத்துவம்தான். அதைக் கேட்க எந்தக் குடும்பமும் கூச வேண்டியதில்லை.

வீட்டில் வேறு பூனை இருக்கிறதா? அது ஆழ்ந்து தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். ஓர் ஏற்ற இறக்கம் ஒரு மூச்சு. நலமாக உள்ள பூனைக்கு அது நிமிடத்துக்கு 30க்குள் இருக்கும். அடிக்கடி அதைத் தாண்டினால் இதயத்தைப் பரிசோதிக்க வேண்டும். எக்கோ என்ற இதய ஸ்கேன் பார்க்க நம்மில் பலர் கோயம்புத்தூருக்கு இறங்க வேண்டியிருக்கிறது என்பது தெரியும். ஆனால் மூச்சை எண்ணுவதற்குச் செலவில்லை.

இரண்டு நாள் காணாமல் போன எங்கள் பெண் பூனை, பின்னங்கால் தள்ளாடத் திரும்பி வந்தது. வால் துணியாகத் தொங்குகிறது. சாப்பிடுகிறது, ஆனால் சிறுநீர் போகவில்லை. இதுவும் பக்கவாதமா?
– வாசகர், கோத்தகிரி

பாதம் சூடாக இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரி எனக்குப் பெரிய உதவி. இது பெரும்பாலும் அடிபட்டதால் வந்தது. வண்டிச் சக்கரம் வாலில் ஏறி, பூனை முன்னோக்கிப் பாயும்போது வாலின் அடியில் உள்ள நரம்புகள் இழுபட்டு அறுந்துபோகும். சிறுநீர்ப்பைக்குப் போகும் நரம்புகளும் அங்கேதான் இருக்கின்றன. நடை திரும்பிவிடும், சிறுநீர்தான் ஆபத்து. நிரம்பிய பையை மருத்துவர் அழுத்தியோ குழாய் வைத்தோ காலி செய்ய வேண்டும். பிறகு உங்களுக்கும் அதைக் கற்றுத்தருவார். வாலின் அடியைக் கிள்ளும்போது பூனை திரும்பிப் பார்த்தால் நல்ல அறிகுறி. சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பும் பூனைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு மாதத்துக்குள் திரும்பிவிடும். அதுவரை பொறுங்கள். ஆனால் இன்றைய சிறுநீருக்கு நாளை வரை பொறுக்காதீர்கள்.

பூனைக்கு உடம்பு சுடுகிறது. குழந்தைக்குக் கொடுக்கும் பாராசிட்டமால் சிரப்பில் சில சொட்டுகள் தரலாமா? நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தும் மீதி இருக்கிறது.
– வாசகி, கூடலூர்

தரவே கூடாது. அந்த மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் நொதி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொன்றுவிடும். ஈறு பழுப்பு நிறமாகும், முகமும் பாதமும் வீங்கும், ரத்தம் பிராணவாயுவைச் சுமக்காது. யாராவது ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால் அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அசிட்டைல்சிஸ்டீன் என்ற மாற்று மருந்து இருக்கிறது. நாய்க்குப் பிடரியில் விடும் பெர்மெத்ரின் சொட்டு மருந்தும் அப்படித்தான். பூனைக்குப் பட்டால் நடுக்கமும் வலிப்பும் வரும். இரண்டையும் பூனையின் அருகே கொண்டுவராதீர்கள்.

ஒரே வாரத்தில் எங்கள் இரண்டு பூனைகளும் விழுந்தன. வாயில் எச்சில் ஒழுகியது, உடல் துடித்தது, பிறகு எழ முடியவில்லை. ஒன்று இறந்தது. கொடைக்கானலில் பாதரசம் கலந்தது பற்றிச் செய்திகளில் படித்திருக்கிறோம். ஜப்பானில் பூனைகளுக்கு நடந்தது இங்கும் நடக்கிறதா?
– வாசகர், பூம்பாறை

உங்கள் பயம் நியாயமானது. ஜப்பானின் மினமாட்டாவில் ஆலைக் கழிவிலிருந்த மெத்தில் பாதரசம் கடல் மீனில் ஏறியது. மீன் தின்ற பூனைகள் தள்ளாடி, வலிப்பு வந்து செத்தன. மனிதர்களின் நோய் அங்கே அதிகாரபூர்வமாகப் பதிவானது 1956இல். அதற்கு முன்பே பூனைகள் காட்டிக்கொடுத்துவிட்டன. கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலை பாதரசக் கழிவுப் புகாரால் 2001இல் மூடப்பட்டதும் நாம் மறக்கக்கூடாத வரலாறு.

ஆனாலும் உங்கள் பூனைகளுக்கு வந்தது பாதரசம் என்று நான் நினைக்கவில்லை. உணவின் வழியே சேரும் பாதரசம் வாரக்கணக்கில் சிறுகச் சிறுக ஏறித்தான் நரம்பைக் கெடுக்கும். எச்சில் ஒழுகுவதும் தசை துடிப்பதும் உடனே தளர்வதும் வேறு ஒன்றைக் காட்டுகின்றன. உங்கள் ஊரில் பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட் வயல்கள் வீட்டு வாசல் வரை வருகின்றன. பாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்து தெளித்த பாத்தியில் பூனை புரண்டு வந்து, உடம்பை நக்கிச் சுத்தம் செய்யும்போது மருந்தைத் தின்றுவிடுகிறது. கண்ணின் பாவை ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தால் சந்தேகம் வலுக்கும். இதற்கு அட்ரோபின் ஊசி இருக்கிறது; நேரத்தோடு போட்டால் பிழைக்கும். கையுறை போட்டுக்கொண்டு, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் குளிப்பாட்டி, ஈரம் போகத் துவட்டிக் கொண்டுபோங்கள். மருந்து டப்பாவின் லேபிளை வயல்காரரிடம் கேட்டு வாங்குங்கள். சண்டை போட்டால் லேபிள் கிடைக்காது, தன்மையாகக் கேளுங்கள்.

ஒரு வீட்டில் இரண்டு பூனைகள் சேர்ந்து விழுந்தால் நான் இதயத்தை விட்டுவிட்டு வீட்டைச் சுற்றிப் பார்ப்பேன். உணவையும் பார்ப்பேன். 1996இல் நெதர்லாந்தில் ஏராளமான பூனைகளுக்குத் திடீரென்று கால்கள் விழுந்தன. கோழித் தீவனத்தில் ரத்தக் கழிச்சலுக்காகச் சேர்க்கும் சாலினோமைசின் பூனை உணவில் கலந்திருந்ததுதான் காரணம். கோழி வளர்ப்பவர்கள் தீவன மூட்டையை மூடி வையுங்கள்.

எங்கள் பூனை இரண்டு நாளாக மூலையில் ஒளிந்துகொள்கிறது. கீழ்த்தாடை தொங்கி எச்சில் வடிகிறது, நடை தள்ளாடுகிறது. தொண்டையில் முள் சிக்கியிருக்கும் என்று வாயைத் திறந்து பார்த்த என் மகளைக் கடித்துவிட்டது. சில வாரங்களுக்கு முன் தெருநாயிடம் கடிபட்டு வந்தது. தடுப்பூசி எதுவும் போடவில்லை.
– வாசகர், குன்னூர்

உங்கள் கடிதத்தைப் படித்த உடனேயே தொலைபேசியில் பேசினேன். மகளுக்கு ஊசி தொடங்கிவிட்டது என்று கேட்டபிறகுதான் மூச்சு வந்தது. மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

வெறிநோய் என்றால் பாய்ந்து கடிக்கும் நாயைத்தான் நினைக்கிறோம். வாதமாக வரும் வெறிநோயில் விலங்கு அடங்கிப்போகும், தாடை தொங்கும், விழுங்க முடியாது, கால் தளரும். முள் சிக்கியதாக நினைத்துக் கையை விடும் அன்பான மனிதர்கள்தான் கடிபடுகிறார்கள். தடுப்பூசி போடாத பூனைக்குத் தாடை தொங்கினால் வாய்க்குள் விரல் போகவே கூடாது. தனி அறையில் அடைத்துவிட்டு மருத்துவரை வரவழையுங்கள். 1962 என்ற கால்நடை உதவி எண்ணையும் அழைக்கலாம்.

கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தசையில் போடும் முறையில் 0, 3, 7, 14, 28ஆம் நாட்களிலும், தோலில் போடும் முறையில் 0, 3, 7, 28ஆம் நாட்களிலும் ஊசி (0 என்பது முதல் ஊசி போடும் நாள்). ரத்தம் வந்த கடி என்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத மருந்தும் போட வேண்டும். "பூனை பத்து நாள் உயிரோடு இருக்கிறதா பார்க்கலாம்" என்று ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். பத்து நாள் கண்காணிப்பு ஊசி போட்டுக்கொண்டே செய்ய வேண்டியது. நீங்கள் இருப்பது குன்னூர். 1907இல் வெறிநோய்த் தடுப்பு மருந்துக்காகத் தொடங்கப்பட்ட பாஸ்டர் நிறுவனம் உங்கள் ஊரில்தான் இருக்கிறது. அந்த ஊரில் ஒரு குழந்தையும் இந்த நோய்க்குப் போகக் கூடாது.

பூனை இறந்தால் நீங்களாகப் புதைத்துவிடாமல் கால்நடை மருத்துவருக்குத் தெரிவியுங்கள். மூளைத் திசுவைச் சோதித்தால்தான் நோய் உறுதியாகும். பூனையைத் தொட்டவர்கள், அதனிடம் கீறல் பட்டவர்கள் யார் யார் என்றும் பட்டியல் எடுக்க வேண்டும். வீட்டிலும் தெருவிலும் உள்ள மற்றப் பூனைகளுக்கு மூன்று மாத வயதில் முதல் தடுப்பூசி, பிறகு ஆண்டுதோறும் ஒன்று.