ஆப்பிரிக்கா உடைகிறதா? – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

கென்யாவில் சாலைக்குக் குறுக்கே நிலம் பிளந்து கிடக்கும் வீடியோ எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மறுபடியும் சுற்றுகிறது. ‘ஆப்பிரிக்கா இரண்டாக உடைகிறது, நடுவில் கடல் வரப்போகிறது’ என்று கீழே எழுதியிருக்கிறார்கள். பத்தாவது படிக்கும் என் மகள், “தண்ணி எப்பப்பா உள்ள வரும்?” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். எனக்குச் சொந்த ஊர் அரியலூர் பக்கம். சின்ன வயதில் பக்கத்துக் காரை கிராமத்து ஓடைகளில் நத்தைக்கல் (கல்லாகிப்போன பழைய கடல்பிராணிகளின் ஓடு) பொறுக்கியிருக்கிறோம். கடற்கரையோ நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே கடல் வந்து போனதும் இப்படி நிலம் பிளந்துதானா? நேரமிருந்தால் எழுதுங்கள்.

எஸ்., அரியலூர்

அன்புள்ள எஸ்.,

அந்த வீடியோ 2018 மார்ச்சில் வந்தது. இடம், நைரோபிக்கு மேற்கே மாய் மாஹியு – நாரோக் சாலை. முதலில் பார்த்தபோது நானும் நாலு பேருக்கு அனுப்பினேன், அதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்தப் பகுதி, கிழக்கு ஆப்பிரிக்காவில் கண்டம் விலகும் இடமான பிளவுப் பள்ளத்தாக்குக்குள் இருப்பது உண்மைதான். ஆனால் அந்தக் குழியைத் தோண்டியது பெரும்பாலும் மழை. அடியில் இருந்தது எரிமலைச் சாம்பல் மண். கனமழைத் தண்ணீர் அதற்குள் எலி வளை மாதிரிக் குடைந்து ஓட, மேல்தரை உட்கார்ந்துவிட்டது. கென்யாவில் கண்டம் விலகுவது ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர். அது வீடியோவில் விழாது.

உங்கள் மகளின் கேள்விக்கு வருகிறேன். கடல் என்றதும் நமக்குத் தண்ணீர்தான் நினைவுக்கு வரும். புவியியல்காரர்கள் தண்ணீருக்கு முன்னால் தரையைப் பார்ப்பார்கள். கண்டத்தின் மேலோடு சுமார் 30, 40 கிலோமீட்டர் தடிமன், கிரானைட் வகையறா, எடை குறைவு. பெருங்கடல் தரை ஏழு கிலோமீட்டர் அளவுக்கே தடிமன். எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட் பாறை, கனமானது, அதனால் தாழ்ந்து கிடக்கும். பாம்பன் பாலத்திலிருந்து நாம் பார்க்கும் பாக் விரிகுடாவின் ஆழம் பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு மீட்டர்தான். அடியில் இருப்பது கண்டத்துப் பாறை. அது நனைந்து கிடக்கும் நிலம். இதற்கு நேர் எதிரான இடம் எத்தியோப்பியாவின் அஃபார். ஒரு சொட்டு மழைக்கு ஏங்கும் பாலை, ஆனால் அதன் தரை பெருங்கடல் தரையாக மாறிக்கொண்டிருக்கிறது.

எப்படி மாறுகிறது? பாகு காய்ச்சித் தட்டில் கொட்டிய கடலைமிட்டாயைப் பாதி ஆறியபோது இரண்டு பக்கமும் இழுத்துப் பாருங்கள். இறுகிப்போன மேல்பக்கம் வெடிக்கும், சூடான அடிப்பக்கம் இளகி நீளும், மொத்தத்தில் நடுப்பகுதி மெலியும். கண்டமும் அப்படித்தான். மேலே பாறைத் துண்டுகள் சரிந்து இறங்க நீளமான பள்ளத்தாக்கு உண்டாகிறது. கீழே மெலிந்த இடத்தை நிரப்ப, மேலோட்டுக்கு அடியில் இருக்கும் கவசம் என்ற அடுக்கின் சூடான பாறை மேலேறுகிறது. மேலேற ஏற அழுத்தம் குறையும். குக்கரில் வெயிட்டை எடுத்ததும் உள்ளே சும்மா இருந்த தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறதே, அதே கதை. புதிதாகச் சூடேற்ற வேண்டியதில்லை, அழுத்தம் குறைந்தாலே பாறை உருகத் தொடங்கும். அந்தக் குழம்பு விரிசல்களில் புகுந்து சுவர் சுவராக உறையும். ஒவ்வொரு சுவருக்கும் கண்டம் கொஞ்சம் விலகி இடம் கொடுக்கும். போதுமான சுவர்கள் சேர்ந்தால் நடுவில் கண்டமே மிச்சமிருக்காது, புதுப் பசால்ட் தரைதான் இருக்கும்.

2005 செப்டம்பரில் அஃபாரின் தப்பாஹு என்ற இடத்தில் அப்படி ஒரு சுவர் எழுந்ததை செயற்கைக்கோள்கள் அளந்தன. இரண்டு மூன்று வாரம் விடாமல் நில அதிர்வுகள். சுமார் 60 கிலோமீட்டர் நீளத்துக்குக் குழம்பு தரைக்கடியில் பாய்ந்து, சில இடங்களில் நிலம் 8 மீட்டர் வரை விலகியது. வெளியே வந்தது ஒரு சின்ன வெடிப்பும் கொஞ்சம் சாம்பலும்தான். இரண்டு கன கிலோமீட்டருக்கும் மேலான குழம்பு உள்ளேயே உறைந்துபோனது. அங்கே சாதாரணமாக விலகும் வேகம் ஆண்டுக்கு ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் நானூறு, ஐந்நூறு ஆண்டுப் பாக்கியை அந்த மூன்று வாரத்தில் வட்டியும் முதலுமாக வசூலித்திருக்கிறது. அதோடும் நிற்கவில்லை. 2010 வரை பதின்மூன்று சிறிய சுவர்கள் எழுந்தன. எனக்கு இந்த விஷயத்தில் பிடித்தது இதுதான்: மெதுவாக நடக்கிறது என்று நாம் சொல்வது சராசரியைத்தான். ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது திடீரென்று நடந்தது.

சரி, தண்ணீர்? அஃபாரின் வடக்கே தனகில் பள்ளம் ஏற்கெனவே கடல்மட்டத்துக்கு நூறு மீட்டருக்கு மேல் கீழே இருக்கிறது. மேலோடும் 15, 16 கிலோமீட்டராக மெலிந்துவிட்டது. செங்கடலுக்கும் அதற்கும் நடுவே இருப்பது கொஞ்சம் மேட்டு நிலம். முன்பு கடல் உள்ளே வந்தும் இருக்கிறது. சுமார் ஒரு லட்சத்து இருபதாயிரம் ஆண்டுக்கு முந்தைய பவளப்பாறைகள் பாலைவனத்தின் ஓரத்தில் நிற்கின்றன. பிறகு வழி அடைபட, தண்ணீர் வற்றி உப்பு தங்கியது. அந்த உப்பைத்தான் அங்கே தொழிலாளர்கள் கோடரியால் பலகை பலகையாகப் பெயர்த்து, அளவாகச் செதுக்கி, ஒட்டகத்தில் ஏற்றி மலைக்கு அனுப்புகிறார்கள். ஆக, தண்ணீர் வரும், போகும், மறுபடி வரும். எப்போது நிரந்தரமாகத் தங்கும் என்று உங்கள் மகளுக்குத் தேதி சொல்ல முடியாது. பக்கத்து வீட்டுச் செங்கடலைக் காட்டலாம். அங்கே பிளவு தொடங்கி ஏறக்குறைய 3 கோடி ஆண்டு. தெற்குப் பகுதியின் நடுவில் உண்மையான பெருங்கடல் தரை உருவாகத் தொடங்கி 50 லட்சம் ஆண்டுதான். அது வடக்கே எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் சண்டை.

எல்லாப் பிளவும் பெருங்கடலாவதில்லை. இலங்கையும் இந்தியாவும் கொஞ்சம் விலகி அப்படியே நின்றுவிட்டன.

உங்கள் ஊருக்கு வருவோம். சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியாவின் கிழக்குக் கரை அண்டார்டிகாவை விட்டுப் பிரிந்தது. காவிரிப் படுகை அந்தப் பிளவில் பிறந்தது. நெல் விளையும் சமவெளிக்கு அடியில் பள்ளமும் மேடுமாக உடைந்த பாறைகள் புதைந்து கிடக்கின்றன. கும்பகோணத்துக்கு அடியிலேயே ஒரு மேடு. பள்ளங்களில் சில இடங்களில் 5 கிலோமீட்டருக்கும் மேல் வண்டல். நரிமணத்து எண்ணெய் அந்த வண்டலில் கிடைத்ததுதான்.

ஆனால் நீங்கள் பொறுக்கிய நத்தைக்கல் சுமார் 10 கோடி ஆண்டுப் பழையது. அதாவது உடைந்து முடிந்து பல கோடி ஆண்டுக்குப் பிறகு. பிளவின்போது சூடாகி மெலிந்த கண்ட விளிம்பு ஆற ஆறத் தாழும். அந்தச் சமயத்தில் உலகம் முழுக்கவே கடல்மட்டம் மிக உயர்ந்திருந்தது, துருவங்களில் இன்றுபோலப் பனிப்பாளங்கள் இல்லை. தாழ்ந்த விளிம்பின்மேல் கடல் நிதானமாக ஏறி வந்தது. எனவே உங்கள் கேள்விக்குப் பதில்: பிளந்ததால்தான், ஆனால் பிளந்த அன்று இல்லை.

மகளை ஒருமுறை காரைக்கு அழைத்துப் போங்கள். அந்தக் களிமண் ஓடைகளில் ஜிப்சத் தகடுகள் வெயிலில் மினுங்கும். துப்பாக்கித் தோட்டா மாதிரிக் கற்கள் கிடைக்கும், அவை கணவாய் மீனுக்கு உறவான ஒரு பழைய பிராணியின் உட்கூடு. அப்புறம் கொஞ்சம் மேற்கே நடந்தால் வண்டல் முடிந்து நம் பழைய கண்டத்துப் பாறை தலைகாட்டும். காலையிலேயே கிளம்பிவிடுங்கள், அங்கே ஒதுங்க நிழல் கிடையாது.