கசக்க வேண்டியது கொழுந்தை, துளசியை அன்று

கேள்வி: கோத்தகிரிக்கு அருகில் 40 சென்ட் தேயிலை வைத்திருக்கிறோம். தொழிற்சாலைக்குக் கொடுத்தது போக, வீட்டுக்குக் கொஞ்சம் கொழுந்தைக் கையால் கசக்கி உலர்த்துகிறோம். தேயிலை வரிசையை ஒட்டி வளரும் துளசியையும் எலுமிச்சைப்புல்லையும் அதேபோல் கசக்கி, மொட்டைமாடி வெயிலில் காயவைத்தால், இரண்டே மாதத்தில் வைக்கோல் வாடை அடிக்கிறது. மணம் கூடுவதற்கென்று உரக்கடைக்காரர் ஒரு வளர்ச்சி ஊக்கி கொடுத்தார். லிட்டருக்கு எவ்வளவு கலக்கலாம்?

பதில்: ஒரு சொட்டும் வேண்டாம். மணம் குறைந்தது செடியில் அன்று, உங்கள் மாடியில். கடைக்காரர் அந்த மாடியைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் புட்டியைத்தான் விற்றிருப்பார். யூரியாவும் ஊக்கியும் இலையைப் பெருக்குமே தவிர, மணத்தைப் பெருக்கா.

தேயிலையின் மணம் பறித்த பிறகு உருவாவது. இரவு முழுவதும் வாடவிட்டு, காம்பு ஒடியாமல் வளையும் பதத்தில் கசக்கினால், சாறு காற்றுடன் கலந்து, இரண்டு மூன்று மணி நேரத்தில் இலை செம்பு நிறத்துக்கு மாறும். அதன்பின் சூடுகாட்டி உலர்த்த வேண்டும். துளசிக்கும் எலுமிச்சைப்புல்லுக்கும் மணம் செடியிலேயே எண்ணெயாக இருக்கிறது, முன்னதில் யூஜெனால், பின்னதில் சிட்ரால். அதைக் கூட்ட நம்மால் ஆகாது, இழக்கத்தான் முடியும். கசக்கும்போது பாதி உங்கள் உள்ளங்கையோடு போகிறது. மீதியை வெயில் கொண்டுபோகிறது.

பனி உலர்ந்த காலை வேளையில், துளசியில் பூங்கதிர் எட்டிப்பார்க்கும் பருவத்தில் பறியுங்கள். காற்றோட்டமுள்ள நிழலில், துணி விரித்த கயிற்றுக் கட்டிலில் ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். மூடுபனி நாட்களில் விறகடுப்புக்கு மேலே தொங்கவிடும் வழக்கம் உங்கள் பக்கத்தில் உண்டு. இலை புகையைக் குடித்துவிடும் என்பதால் அதை நான் ஒருபோதும் ஏற்பதில்லை. காம்பு படக்கென்று ஒடிந்ததும், இலையை முழுதாகவே இறுக்கமான டப்பாவில் அடைத்து, வெந்நீர் ஊற்றும்போது மட்டும் நொறுக்குங்கள்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறொன்று. தேயிலையைத் தாக்கும் செஞ்சிலந்திக்கோ தேயிலைக் கொசு என்ற பூச்சிக்கோ மருந்து அடிக்கும் நாளில், வரிசையை ஒட்டிய துளசியில் அந்தச் சாரல் விழாமலா இருக்கும்? கொழுந்துக்காவது மருந்துப் புட்டியில் காத்திருப்புக் காலம், அதாவது அடித்த பின் எத்தனை நாள் பறிக்கக்கூடாது என்பது, அச்சிட்டிருக்கும், அதையும் வீட்டுக்குப் பறிக்கும்போது பலர் எண்ணுவதில்லை. துளசிப் பாத்தியை இந்த மழைக்கே தேயிலையிலிருந்து விலக்கி, வீட்டு வாசல் பக்கம் மாற்றி நடுங்கள்.