சிஎன்சி ஆள் நிற்பதில்லை: பட்டறைக்காரர் கேள்விக்குப் பதில்

கோவையில் 12 பேரை வைத்து சிஎன்சி மெஷினில் (கணினி கட்டுப்பாட்டில் உலோகத்தைக் கடையும் இயந்திரம்) மற்ற கம்பெனிகளுக்குப் பாகங்கள் கடைந்து கொடுக்கும் ஜாப் ஒர்க் செய்கிறேன், ஐடிஐ பையன்கள் ஆறு மாதத்தில் ஓடிவிடுகிறார்கள், இருப்பவர்களுக்கும் செட்டிங் (மெஷினில் டூலையும் அளவுகளையும் சரியாக அமைப்பது) வராது என்று எழுதியிருந்தீர்கள். சரி, அந்த ஆறு மாதமும் அவர்கள் என்ன வேலை பார்த்தார்கள்? பீஸை மெஷினின் பிடிப்பானான சக்கில் மாட்டுவது, பட்டனை அமுக்குவது, கழற்றுவது மட்டும்தானா? அப்படியானால் ஆயிரம் ரூபாய் கூடக் கொடுக்கும் இடத்துக்குப் போகத்தான் செய்வார்கள்.

ஐடிஐயில் இரண்டு வருடம் டர்னர் படித்தவனுக்கு லேத் தெரியும், மைக்ரோமீட்டர் பிடிக்கத் தெரியும். இன்சர்ட் (டூலின் வெட்டும் முனை) தேய்ந்து பீஸின் வெளிவிட்டம் 0.02 மி.மீ. கூடும்போது ஆஃப்செட்டை (டூல் நிற்கும் இடத்தைத் திருத்த மெஷினில் கொடுக்கும் எண்) எவ்வளவு மாற்றுவது என்பது பட்டறையில்தான் படியும். சீனியர் பக்கத்தில் நிற்க, அவனே அளந்து, அவனே எண்ணைத் தட்டட்டும். நாலு பீஸ் வீணாகும். அது உங்கள் செலவு.

அப்புறம், அப்ரண்டிஸ், அதாவது உதவித்தொகை வாங்கிக்கொண்டு வேலை பழகும் ஆள், எடுப்பது பற்றி. 30 பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் சட்டப்படி கட்டாயம். 4 முதல் 29 பேர் வரை வைத்திருப்பவர்கள் விரும்பினால் எடுக்கலாம், ஆகவே உங்களுக்கும் வழி உண்டு. தேசிய அப்ரண்டிஸ் ஊக்குவிப்புத் திட்டத்தில் உதவித்தொகையில் 25 சதவீதத்தை, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு ஏற்கிறது. பக்கத்து அரசு ஐடிஐ முதல்வரை நேரில் போய்ப் பாருங்கள், போன் போதாது.

ஒரிஜினல் சான்றிதழை வாங்கிப் பூட்டி வைக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம், நல்ல பையன் வாசலோடு திரும்பிவிடுவான். அதற்குப் பதிலாக, செட்டிங் பழகியதும் சம்பளம் எவ்வளவு ஏறும் என்று சேரும் அன்றே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.