விடியற்காலையில் கொக்குகள் கூடினால் ஏரி நலமா?

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு ஏரியைக் குத்தகைக்கு எடுத்து கட்லா, ரோகு, மிர்கால் மீன்களை விட்டிருக்கிறோம். கடற்பறவைகளை வைத்தே கடலின் நலத்தைக் கணிக்கிறார்கள் என்று படித்தேன். ஏரிக்கும் அது பொருந்துமா? பத்து நாளாக விடியும் நேரத்தில் ஐம்பது, அறுபது கொக்குகள் கரையோரம் வந்து இறங்குகின்றன. வெயில் ஏறினால் கலைந்துவிடுகின்றன. ஏரி நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: பொருந்தும். ஆனால் உங்கள் கொக்குகள் கொண்டுவருவது நல்ல செய்தியாகத் தெரியவில்லை. நாளை காலை ஐந்தரை மணிக்கு டார்ச்சோடு கரைக்குப் போங்கள். மீன்கள் வாயை மேலே நீட்டிக் காற்றை விழுங்கிக்கொண்டிருந்தால் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்துவிட்டது என்று அர்த்தம். பெரும்பாலும் கட்லாதான் முதலில் தவிக்கும். பகலில் ஆக்சிஜனைத் தரும் அதே பச்சைப் பாசி, இரவு முழுவதும் அதைச் செலவழிக்கிறது. அதனால் விடியலுக்குச் சற்று முன்புதான் அளவு அடிமட்டத்துக்குப் போகும். வெயில் வந்ததும் மீன் கீழே இறங்கிவிடும்; மேலே தவிக்கும் மீனைப் பிடிக்க வந்த கொக்குக்கும் வேலை முடிந்துவிடும். நீங்கள் சொன்ன நேரக்கணக்கு இதோடு அப்படியே ஒத்துப்போகிறது.

அப்படியிருந்தால் தீவனத்தையும் சாணத்தையும் உடனே நிறுத்துங்கள். மோட்டார் வைத்து ஏரித் தண்ணீரையே எடுத்து உயரத்திலிருந்து சிதறி விழும்படி விடுங்கள். புதுத் தண்ணீர் கிடைத்தால் விடலாம். பெரிய மீன்களைப் பிடித்து நெருக்கத்தைக் குறையுங்கள். வானம் மேகமூட்டமாக இருக்கும் நாட்களில் கூடுதல் கவனம் வேண்டும். அப்புறம், முழங்கை வரை கையைத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். அந்த ஆழத்துக்குப் போகும் முன்பே உள்ளங்கை பச்சையில் மறைந்துவிட்டால் பாசி அளவுக்கு மீறிவிட்டது.

இனி கடலுக்கு வருகிறேன். அமெரிக்காவின் கலிபோர்னியாவை ஒட்டிய அனகாப்பா தீவில் 1970இல் பழுப்புக் கூழைக்கடாக்கள் ஐந்நூறுக்கும் மேல் கூடு கட்டின. தேறியது ஒரே ஒரு குஞ்சு. டி.டி.டி. பூச்சிக்கொல்லி மீன் வழியாகத் தாய்ப்பறவையின் உடலில் சேர்ந்து முட்டை ஓட்டை மெலிய வைத்திருந்தது. அடைகாக்க உட்கார்ந்த தாயின் எடையிலேயே முட்டைகள் நொறுங்கின. 1972இல் அந்த மருந்துக்கு அங்கே தடை வந்தது, கூழைக்கடாக்களும் மெல்ல மீண்டன. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது ஒன்று: கூடு கட்டப் பறவைகள் வந்துகொண்டுதான் இருந்தன. தலையை மட்டும் எண்ணியவர்களுக்குக் கெடுதி கண்ணில் பட்டிருக்காது. குஞ்சைத் தேடியவர்களுக்குத்தான் அது தெரிந்தது.

ஆகவே உங்கள் ஏரியிலும் எத்தனை பறவை என்பதைவிட எந்தப் பறவை, எந்த நேரம், என்ன செய்கிறது என்று பாருங்கள். மீன்கொத்தியும் ஆற்று ஆலாவும் மேலிருந்து கண்ணால் மீனைக் கண்டு பாய்பவை. தண்ணீர் கலங்கினாலோ, மேலே பாசி படர்ந்தாலோ அவை வேறு இடம் தேடும். மழைக்குப் பிறகு செம்மண் கரைந்து வந்தால் சில நாள் காணாமல் போவது சகஜம், அதற்காகப் பதற வேண்டாம். மாறாக, செக்கச் சிவந்த நெடுங்காலோடு சேற்றில் நடக்கும் பவளக்கால் உள்ளான்கள் மட்டும் பெருகிக்கொண்டே போனால், சாக்கடை சேர்கிறதா என்று பாருங்கள். ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் சிவப்புப் புழுக்கள் கொழிக்கும். உள்ளானுக்கு அது விருந்து. பெங்களூரின் கழிவைச் சுமந்து வந்து ஓசூர் பக்கத்துக் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கும் தென்பெண்ணை ஆறுதான் நம் பக்கத்துக்கும் ஓடி வருகிறது. உங்கள் ஏரிக்கு ஆற்றுக் கால்வாய் இருந்தால் இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நான் மிகவும் நம்புவது முக்குளிப்பானை. புறாவைவிடச் சற்றுச் சிறிய நீர்ப்பறவை, மிதக்கும் கூட்டில் முட்டையிடும். தலையில் வரிவரியாகக் கோடு போட்ட குஞ்சு, தாயின் முதுகு இறகுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும். அந்தக் குஞ்சுகள் வளர்ந்து தனியாக முங்கி எழும் வரை ஏரியில் நிலைத்தால், அவற்றுக்கு வேண்டிய பூச்சியும் சிறு மீனும் தண்ணீரில் இருக்கின்றன என்று தைரியமாகச் சொல்லலாம்.

ஒரு நோட்டில் வாரம் இரண்டு நாள், ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் கால் மணி நேரம் பார்த்து எழுதி வையுங்கள். குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் வந்து எண்ணிக்கை தானாக ஏறும் என்பதால், இந்த மார்கழியைப் போன மார்கழியோடுதான் ஒப்பிட வேண்டும். பறவைகள் கழுத்து துவண்டு விழுந்து கிடந்தால் வெறுங்கையால் தொடாமல் கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். 2019இல் ராஜஸ்தானின் சாம்பர் ஏரியில் பொட்டுலிசம் என்ற பாக்டீரியா நஞ்சால் பல ஆயிரம் பறவைகள் அப்படித்தான் மடிந்தன.

பறவை சந்தேகத்தைக் கிளப்பும். உறுதி செய்யப் பரிசோதனை வேண்டும். பக்கத்திலேயே பாரூரில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையம் இருக்கிறது, அங்கே கேளுங்கள். ஆக்சிஜனை மட்டும் கரையிலேயே, சூரியன் எழுமுன் அளக்கச் சொல்லுங்கள். மதியம் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போன தண்ணீரில் உங்கள் மீன்கள் விடியலில் பட்ட பாடு தெரியாது.