பொருந்தாத சாவி

அன்புள்ள ஐயா,

போன வாரம் சாயங்காலம் ஆறரை மணி இருக்கும். வாசல் கதவில் ஏதோ உரசும் சத்தம். போய்ப் பார்த்தால், எழுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் எங்கள் பூட்டில் தன் சாவியை நுழைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். யார் என்று கேட்டேன். "கதவைத் திற, அம்மா காத்துக்கிட்டிருப்பாங்க" என்றார். பெயர், தெரு, பிள்ளைகளின் பெயர், போன் நம்பர் எல்லாம் கேட்டுப் பார்த்தேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. "இந்த வயசுல உங்களுக்கு ஏது அம்மா, யோசிச்சுப் பாருங்க" என்றேன். கத்த ஆரம்பித்தார். நான் வீட்டில் தனியாக இருந்தேன். பயந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டுப் போலீசுக்கு போன் செய்தேன். தெரு வாட்ஸ்அப் குழுவில் அவர் படத்தையும் போட்டேன். பத்துப் பேர் கூடிவிட்டார்கள். அவர் அழுதார். கடைசியில் போலீஸ் வந்து மகளிடம் ஒப்படைத்தது. அவரை நான் உள்ளே அழைத்து உட்கார வைத்திருக்க வேண்டுமா? அன்றிலிருந்து மனசே சரியில்லை.

கே.

அன்புள்ள கே.,

கதவைச் சாத்தியது தப்பில்லை. தனியாக இருக்கிற ஒருவர், முன்பின் தெரியாதவரை வீட்டுக்குள் விட்டே ஆக வேண்டும் என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. போலீசைக் கூப்பிட்டதும் சரி. அதை இத்தோடு விடுங்கள்.

என்னைக் குத்தியது வேறு ஒரு வரி. பெயர், தெரு, பிள்ளைகளின் பெயர், போன் நம்பர். அவரிடம் எதெல்லாம் கைநழுவிப் போயிருந்ததோ, சரியாக அதையெல்லாம் வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். 1901-ல் பிராங்க்பர்ட்டில் ஒரு மருத்துவமனையில், 51 வயதுப் பெண் ஒருவரிடம் அலோய்ஸ் அல்சைமர் என்ற மருத்துவர் இதே கேள்விகளைக் கேட்டார். உங்கள் பெயர்? அகஸ்தே. குடும்பப் பெயர்? அகஸ்தே. கணவர் பெயர்? அகஸ்தே என்று நினைக்கிறேன். பெயரை எழுதச் சொன்னால் பாதியிலேயே நின்றுவிட்டது. "என்னை நான் தொலைத்துவிட்டேன்" என்றார் அந்த அம்மாள். பின்னால் அந்த மருத்துவரின் பெயரே அந்த மறதிநோய்க்குப் பெயரானது. என்ன நோய் என்று கண்டுபிடிக்க அவர் கேட்டார். தெருவில் நிற்கிற நாம் எதற்காகக் கேட்கிறோம்? பெயரை ஒரு முறை கேட்கலாம். வரவில்லையா, விட்டுவிட வேண்டும். இரண்டாம் முறை கேட்கும்போதே அவருக்குத் தெரிந்துவிடுகிறது, தான் ஏதோ பரீட்சையில் தோற்றுக்கொண்டிருக்கிறோம் என்று. அந்த அவமானம்தான் கத்தலாக வருகிறது.

"உங்களுக்கு ஏது அம்மா" என்று கேட்டீர்களே, அதற்கு உங்களைத் திட்டத்தான் வேண்டும். ஆனால் அதையே நான் இரண்டு வருஷம் செய்தவன். என் அப்பாவுக்குப் பொழுது சாய்ந்தால் இருப்புக்கொள்ளாது. இந்த நோய் உள்ள பலருக்கும் சாயங்காலம்தான் கலக்கம் கூடும். "கிளம்பணும், அம்மா தேடுவா" என்பார். "பாட்டி போய் முப்பது வருஷம் ஆச்சுப்பா" என்பேன். உண்மையைச் சொல்வதுதான் மரியாதை என்று நினைத்திருந்தேன். அவர் முகம் அப்படியே உறைந்துபோகும். "எனக்கு ஏன் யாருமே சொல்லலை?" என்று கேட்டுவிட்டு அழுவார். பத்து நிமிஷத்தில் அழுகை மறந்துபோகும், மறுபடி கிளம்புவார், மறுபடி நான் சொல்வேன். ஒரே சாவை அந்த மனிதருக்கு எத்தனை முறை அறிவித்திருக்கிறேன் என்று கணக்கே இல்லை.

ஒருநாள் அவர் நிஜமாகவே கிளம்பிப் போய்விட்டார். மூன்று மணி நேரம் தேடினோம். அப்புறம் போலீசிடமிருந்து போன் வந்தது. போய்ப் பார்த்தால், மூடிக்கிடந்த ஒரு கட்டடத்தின் படியில் உட்கார்ந்திருந்தார். ஒரு படி கீழே, முன்பின் தெரியாத ஓர் இளைஞர். அப்பாவின் காலில் இரண்டுமே இடதுகால் செருப்பு. ஒன்று அவருடையது, இன்னொன்று என்னுடையது. அந்தப் பையன் அதைத்தான் முதலில் கவனித்திருக்கிறான். முன்பக்கமாக வந்து நின்று, "ஐயா, கால் வலிக்குதா?" என்று கேட்டிருக்கிறான். "வலிக்குது" என்று அப்பா சொல்லியிருக்கிறார். "உட்காரலாமா?" "உட்காரலாம்."

இரண்டு கேள்விக்கும் அவரிடம் பதில் இருந்தது, கே. வலியைச் சொல்ல நினைவு தேவையில்லை. உட்கார்ந்தபிறகு, "அம்மா எப்படி இருப்பாங்க?" என்று கேட்டானாம். அப்பா பேச ஆரம்பித்துவிட்டார். அம்மா தன்னை எப்படிக் கூப்பிடுவாள் என்பதில் செல்லப்பெயர் வந்தது, அதன் பின்னாலேயே முழுப்பெயரும் வந்தது. அதை வைத்துக்கொண்டுதான் அவன் போலீசுக்குப் பேசியிருக்கிறான். நான் போய் நின்றதும் முதலில் கேட்டது என்ன தெரியுமா? "எங்கப்பா போனீங்க?" அந்தப் பையன் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வை இன்னும் எனக்குள் இருக்கிறது.

குழப்பத்தோடு நிற்கிற எல்லாரும் மறதிநோய்க்காரர்கள் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். காலையில் நன்றாக இருந்தவர் மாலையில் உளறினால் அது வேறு. நோய்த்தொற்று, உடம்பில் நீர் வற்றுவது, தலையில் அடி என்று எதுவாகவும் இருக்கலாம். சர்க்கரை குறைந்து வியர்த்து நடுங்குகிறவரைக் குடிகாரர் என்று தாண்டிப் போகிறோம். வாய் ஒரு பக்கம் கோணி, ஒரு கை தூக்க வராமல், பேச்சு குழறினால் பக்கவாதம். உடனே ஆம்புலன்ஸ். எப்போது தொடங்கியது என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக 4.5 மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். விழுங்குவதே சிரமமாகியிருக்கலாம் என்பதால் தண்ணீர்கூடக் கொடுக்கக்கூடாது.

அந்தப் படத்தை இன்னும் அழிக்கவில்லையென்றால் இப்போதே அழியுங்கள், குழுவில் உள்ள மற்றவர்களையும் அழிக்கச் சொல்லுங்கள். அழுகிற மனிதரின் முகம் பத்து போனில் கிடக்கிறது. வேண்டாம் என்று சொல்லக்கூட அவருக்குத் தெரிந்திருக்காது. என்ன சட்டை, என்ன வயசு, எந்த வாசலில் நிற்கிறார் என்று இரண்டு வரி எழுதியிருந்தாலே போதும். இதில் உங்களுக்கு நான் சமாதானம் சொல்வதாக இல்லை.

உள்ளே அழைத்திருக்க வேண்டுமா என்று கேட்டீர்கள். வேண்டியதில்லை, கதவுக்கு இந்தப் பக்கம் நின்றே "கால் வலிக்குதா" என்று கேட்கலாம். இந்த வாரம் அந்த மகளைப் போய்ப் பாருங்கள். அவர் நம்பரை வாங்கிக் கதவுக்குப் பின்னால் ஒட்டி வையுங்கள். உங்கள் நம்பரையும் கொடுத்துவிட்டு வாருங்கள். அந்தச் சாவியோடு அவர் மறுபடியும் உங்கள் வாசலுக்கே வரக்கூடும்.