இசை தெரியாதவர் சிம்பொனி கச்சேரியை நேரில் ரசிக்க முடியுமா? யூடியூபில் கேட்டால் போதாதா?

மேற்கத்திய இசையில் பயிற்சியே இல்லாத ஒருவர், உணர்ச்சி வெளிப்பாட்டுக்கு முதலிடம் தந்த 19ஆம் நூற்றாண்டின் ரொமான்டிக் கால இசையை ஒரு முழு ஆர்கெஸ்ட்ரா, அதாவது பெரிய வாத்தியக் குழு, வாசிக்கும் கச்சேரிக்குப் போனால் அவரால் அதை ரசிக்க முடியுமா என்றும், அதே இசை கைப்பேசியிலேயே கிடைக்கும்போது பணம் செலவழித்து நேரில் போகத்தான் வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்கு என் பதில், தாராளமாக முடியும் என்பதுதான். இரண்டாவது கேள்விக்குச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன். ஏனெனில் கைப்பேசியில் எது கேட்காமல் போகிறது என்பதை எனக்குப் புரியவைத்தவர் இசை படித்தவர் அல்லர்; பாம்பனில் நாற்பது ஆண்டுகள் நாட்டுப்படகில் கடலுக்குப் போன என் அப்பா.

நான் மும்பையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரு பிப்ரவரி மாதம் அப்பா என்னோடு வந்து தங்கியிருந்தார். நரிமன் பாயின்ட்டில் இருக்கும் தேசிய நிகழ்கலை மையத்தின் ஜம்ஷெட் பாபா அரங்கில், சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா வாசிக்கும் ஒரு கச்சேரிக்கு இரண்டு சீட்டு வாங்கினேன். 2006இல் தொடங்கப்பட்ட இந்த ஆர்கெஸ்ட்ராவுக்கு அந்த மையம்தான் வீடு. எங்களுக்குக் கிடைத்தது மேல்மாடத்தின் பின்வரிசை. ஆயிரம் பேருக்கு மேல் அமரக்கூடிய அந்த அரங்கை அப்பா ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி இதுதான்: “என்னம்மா, மைக்கே வைக்கலையே. நமக்கு இங்க வரைக்கும் கேக்குமா?”

எங்கள் கரையில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் நியாயம் தெரியும். கோயில் கொடையானாலும் மாதா கோயில் திருவிழாவானாலும் சந்தனக்கூடானாலும், பனைமரத்தில் கூம்பு ஒலிபெருக்கியைக் கட்டினால்தான் எங்களுக்கு அது இசை. காற்றையும் அலையையும் மீறிக் கேட்க வேண்டிய ஊரில் அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒலிபெருக்கியில் எல்லா ஒலியும் ஏறத்தாழ ஒரே அளவு சத்தத்தில்தான் வந்து சேரும். ஆர்கெஸ்ட்ரா கச்சேரியில் மரமும் நரம்பும் பித்தளையும் தோலும் எழுப்பும் ஒலி, நடுவில் எந்தக் கருவியும் இல்லாமல் நேராக உங்கள் காதுக்கு வருகிறது. எண்பது பேர் சேர்ந்து முழங்கும் ஒலிக்கும் ஒரே ஒருவர் மூச்சடக்கி வாசிக்கும் ஒலிக்கும் இடையிலுள்ள தூரம் முழுவதையும் அங்கே கேட்கலாம். ரொமான்டிக் கால இசையமைப்பாளர்கள் அந்தத் தூரத்தை வைத்துத்தான் தங்கள் இசையைக் கட்டினார்கள் என்பது என் கருத்து.

முதலில் ஜெர்மன் இசையமைப்பாளர் மெண்டல்சனின் ‘ஹெப்ரிடீஸ்’ முன்னிசை. 1829இல், தம் இருபதாவது வயதில், ஹெப்ரிடீஸ் எனப்படும் ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளுக்குப் போன அவர், மனத்தில் எழுந்த தொடக்க ஸ்வரங்களை அங்கிருந்து வீட்டுக்கு எழுதிய கடிதத்திலேயே எழுதி அனுப்பினார். வயலினைவிடத் தாழ்ந்த குரலுள்ள செல்லோ, வயோலா என்னும் நரம்புக் கருவிகளும் பசூன் என்னும் துளைக்கருவியும் கீழ்நோக்கி இறங்கும் ஒரு சிறு சுருளைத் திரும்பத் திரும்ப வாசிக்க, வயலின்கள் அதன் மேல் நீண்ட ஒற்றை ஸ்வரத்தைப் பிடித்து நிற்கும். அதை அப்பாவுக்கு முன்கூட்டியே விளக்காமல், கடலைப் பற்றியது என்று மட்டும் சொல்லியிருந்தேன். வாசிப்பு தொடங்கிச் சிறிது நேரத்தில் அவர் என் பக்கம் சாய்ந்து, “இது பொண் கடல்” என்றார். பாக் நீரிணைப் பக்கம் குளம்போல் கிடக்கும் கடலைப் பெண் கடல் என்றும், மன்னார் வளைகுடாப் பக்கம் புரளும் கடலை ஆண் கடல் என்றும் எங்கள் பகுதியில் சொல்வோம். பித்தளைக் கருவிகளும் டிம்பனி என்னும் பெரிய முரசும் சேர்ந்து எழும்பியபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. முன்னிருக்கையின் முதுகை மட்டும் கையால் பிடித்துக்கொண்டார்.

மெண்டல்சன் இந்தப் படைப்பை உடனே வெளியிட்டுவிடவில்லை. 1832இல் லண்டனில் அரங்கேறும் வரை அதைத் திருத்திக்கொண்டே இருந்தார். அதன் நடுப்பகுதியில் மீன் எண்ணெயும் கடற்பறவையும் உப்பிட்ட மீனும் மணப்பதைவிட இசை இலக்கணம்தான் அதிகம் மணக்கிறது என்று தம் சகோதரிக்கு எழுதிக் குறைப்பட்டுக்கொண்டார். இதைப் பிறகு அப்பாவிடம் சொன்னபோது அவருக்கு அந்த மனிதர்மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது.

அடுத்து, தனி வயலினும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் ஒரு வயலின் கான்செர்ட்டோ. அது நன்றாகவே இருந்தது என்றாலும், உங்கள் கேள்விக்குப் பதில் இடைவேளைக்குப் பின் வந்த, செக் இசையமைப்பாளர் டிவோர்ஷாக்கின் ஒன்பதாவது சிம்பொனியில்தான், அதாவது ஆர்கெஸ்ட்ராவுக்கென்று நான்கு பகுதிகளாக எழுதிய நீண்ட படைப்பில்தான், இருக்கிறது. முதல் பகுதி ஆரவாரமாக முடிந்ததும் அப்பா மனம் நிறைந்து கைதட்டினார். வேறு யாரும் தட்டவில்லை. முன்வரிசையில் ஒருவர் திரும்பிக் கடுமையாகப் பார்க்க, அப்பா கைகளை மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு அது இன்றும் வருத்தம். ஒரு சிம்பொனியின் நான்கு பகுதிகளும் முடிந்த பிறகே கைதட்டுவது இன்றைய வழக்கம். இசை நடத்துநர் கையைத் தாழ்த்தி நம் பக்கம் திரும்பும் வரை பொறுத்திருந்தால் தவறு நேராது. ஆனால் இந்தச் சிம்பொனி 1893 டிசம்பரில் நியூயார்க்கின் கார்னகி அரங்கில் அரங்கேறியபோது, பகுதிகளுக்கு இடையிலேயே கைதட்டல் எழுந்தது. இரண்டாம் பகுதி முடிந்ததும் டிவோர்ஷாக் எழுந்து வணங்க வேண்டியிருந்தது. அப்பா செய்ததைத்தான் அந்தச் சிம்பொனியை முதன்முதலில் கேட்டவர்களும் செய்தார்கள்.

இரண்டாம் பகுதி ‘லார்கோ’, அதாவது மிக மெதுவாக வாசிக்க வேண்டிய பகுதி. பித்தளைக் கருவிகள் மெல்லத் திறந்துவிட, இங்கிலீஷ் ஹார்ன் என்னும் துளைக்கருவி தனியாக ஒரு பாட்டை எடுக்கும். நாகசுரத்தைப் போலவே இதையும் சீவாளி வைத்துத்தான் ஊதுகிறார்கள். நாகசுரத்தில் உள்ள வீறு இதில் இல்லை. தூரத்தில் யாரோ தனியாகப் பாடுவதுபோன்ற ஒரு குரல். அப்பா அந்த வாசிப்பவரைப் பார்க்கவில்லை. டிம்பனிக்காரர் மற்றவர்கள் வாசித்துக்கொண்டிருக்கும்போதே குனிந்து, தோலில் காது படும் அளவுக்குத் தலையைத் தாழ்த்தி, விரலால் தட்டிச் சுருதி பார்த்துக்கொண்டிருந்ததையே கவனித்தார். இஞ்சின் ஓசையில் ஏதோ மாறியிருக்கிறது என்று தோன்றினால் அப்பாவும் இப்படித்தான் குனிவார்.

அந்தப் பாட்டு கடைசியில் திரும்பி வரும்போது, நரம்புக் கருவிகள் ஒரு சிலரின் கைக்குச் சுருங்கி, நடுநடுவே நின்று நின்று, அடுத்த ஸ்வரத்தைத் தேடுவதுபோல் வாசிக்கும். அந்த இடைவெளிகளில் அரங்கில் யாரும் இருமவில்லை. கடைசிச் சுரக்கூட்டு டபுள் பேஸ் என்னும் பெரிய நரம்புக் கருவிகளுக்கு மட்டும். அதைக் காதால் கேட்டேனா, இருக்கையின் மரத்தில் உணர்ந்தேனா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. பின்வரிசையில் இருந்த எங்களுக்கு அது தெளிவாக வந்து சேர்ந்தது. முழங்கி முடிவதாகத் தோன்றும் நான்காம் பகுதிகூட, கடைசி ஒலியை நீட்டிக் கரையவைத்துத்தான் முடிகிறது. நாற்பது நிமிடம் ஓடும் இந்தச் சிம்பொனியில் சிம்பல் என்னும் பெரிய தாளத் தட்டு ஒரே ஒரு முறை, அதுவும் மெல்லத்தான், ஒலிக்கிறது.

வெளியே வந்து கடலோரச் சுவரில் உட்கார்ந்தோம். குச்சியை வைத்திருந்தவர் ஒன்றும் வாசிக்காமல் என்ன செய்தார் என்று புரிந்ததா என்று கேட்டேன். கரைவலை இழுக்கும்போது இரண்டு கயிற்றுக்காரர்களுக்கும் நடுவில் நின்று, ஒரு பக்கம் முந்தாமல் கைகாட்டுகிற பெரியவர்போல என்றார். அந்தச் சிம்பொனி எழுதப்பட்ட ஆண்டைச் சொன்னதும், “விவேகானந்தர் சிகாகோ போன வருஷமாச்சே” என்றார். பாம்பன்காரருக்கு அந்த ஆண்டு மறக்காது. விவேகானந்தர் அங்கே போக ஊக்கமும் உதவியும் தந்தவர் சேதுபதி மன்னர் பாஸ்கர சேதுபதி. 1897 ஜனவரியில் விவேகானந்தர் திரும்பி வந்து இறங்கியது எங்கள் குந்துக்கால் கரையில். அவர் பேசிய சர்வசமய மாநாடு எந்தச் சிகாகோ உலகக் கண்காட்சியையொட்டி நடந்ததோ, அதே கண்காட்சியில், 1893 ஆகஸ்டில், அதாவது அவருடைய பேச்சுக்கு ஒரு மாதம் முன்பு, டிவோர்ஷாக்கும் தம் இசையை நடத்தியிருக்கிறார்.

ஆகவே, போவதற்கு முன் பெரிதாக எதுவும் படிக்க வேண்டாம். வாசிக்கப்போகும் படைப்பை ஒருமுறை வீட்டில் கேட்டு, அதில் வரும் ஒரு மெட்டை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். விலை குறைந்த மேல்மாட இருக்கை நல்லது; யார் எப்போது வாசிக்கிறார்கள் என்பது அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும். கைப்பேசியை அணைத்துவிடுங்கள். இடைவேளையோடு சேர்த்து இரண்டு மணி நேரம் ஆகும்.

சென்ற மழைக்காலத்தில் ஊருக்குப் போயிருந்தபோது, அந்த லார்கோவைப் போடச் சொன்னார் அப்பா. வாடைக்காற்று வீசிக்கொண்டிருந்ததால் கதவைச் சாத்திவிட்டு, கைப்பேசியைக் காதோடு வைத்துக் கடைசி வரை கேட்டார். பாட்டு ஓடிக்கொண்டிருப்பதாகத் திரை காட்டிக்கொண்டிருந்தபோதே கைப்பேசியை என்னிடம் நீட்டி, “அந்தப் பெரிய வயலின்காரங்க வாசிச்சது இதுல இல்லையேம்மா” என்றார்.