பழைய மொரிஸ் மைனர் காரில் மழை பெய்தால் பின்லைட் மங்குகிறது, பிரேக் மிதித்தால் சில நாள் பியூஸும் போகிறது. முழு வயரிங்கையும் மாற்றத்தான் வேண்டுமா?

இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பவை இரண்டு தனித்தனிப் பழுதுகள். கராஜில் இரண்டையும் சேர்த்து "வயரிங் முழுக்கப் போச்சு" என்று சொல்லியிருக்கிறார்கள். எங்கள் அப்பாவின் மைனருக்கும் இதையேதான் சொன்னார்கள்.

நுவரெலியாவிலிருந்து ஹட்டனுக்கு இறங்கி வந்துகொண்டிருந்தோம். நானுஓயா தாண்டியதும் நல்ல பனி. பின்னால் வந்த லொறிக்காரர் தலவாக்கலையில் எங்களை நிறுத்தி, "தம்பி, நீங்க பிரேக் புடிச்சா வலது பக்க லைட்டு கூடல, அணையுது" என்றார். அந்த ஒரு வரியில் பழுது முழுவதும் இருந்தது. அன்று எனக்கு அது விளங்கவில்லை.

மைனரின் பின்லைட்டில் ஒரே பல்புக்குள் இரண்டு இழைகள். சின்னது டெயில் லைட்டுக்கு, பெரியது பிரேக்குக்கு. இரண்டுக்கும் எர்த், அதாவது பாடி வழியாகப் பெட்டரியோடு சேரும் வழி, ஒன்றுதான். அது லைட்டின் கூடு வழியாக பாடிக்குப் போகிறது. அந்த இடம் துருப்பிடித்திருந்தால் சின்ன இழையின் கரண்ட் எப்படியோ போய்விடும். பிரேக்கை மிதித்ததும் பெரிய இழையின் கரண்டும் அதே குறுகலான வழியில் நெருக்கும். அப்போது இரண்டுமே மங்கிவிடும். 1,868 மீட்டர் உயரத்து நுவரெலியாவில் விடியற்காலையில் காரின் தகரமெல்லாம் வியர்த்து நிற்கும். நம் பக்கத்துக் கார்களில் எர்த் கெடுவதற்கு வேறு காரணமே தேவையில்லை.

இதில் நான் ஏமாந்த இடத்தைச் சொல்லவேண்டும். மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வைத்து எர்த்தைச் சோதித்தேன், சத்தம் வந்தது, "எர்த் நல்லாயிருக்கு" என்று விட்டுவிட்டேன். பத்து ஓம் தடை இருந்தாலும் பல மீட்டர்கள் பீப் அடிக்கும். லைட் எரியும்போது அளந்தால்தான் உண்மை தெரியும். மீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனை லைட்டின் கூட்டில், மற்றது பெட்டரியில் பாடியோடு சேரும் முனையில். ஒருவரை உட்கார வைத்து பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். பூச்சியத்துக்கு அருகில் நிற்கவேண்டும். எங்கள் காரில் 7 வோல்ட் காட்டியது. கூட்டைக் கழற்றி, பாடியில் அது உட்காரும் இடத்தை மினுங்கும் வரை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் பூசினேன். வேலை அரை மணித்தியாலம். செலவு அந்த உப்புத்தாள் மட்டும்.

இனி பியூஸ். பிரேக் மிதிக்கும்போது மட்டும் போகிறது என்றால், பிரேக் சுவிட்சைத் தாண்டி பின்லைட்டுக்குப் போகிற வயர்தான் எங்கோ பாடியில் உரசுகிறது. பியூஸை மாற்றி மாற்றிப் போடவேண்டாம். பியூஸ் இருக்கும் இடத்தில் ஒரு 21 வாட் பல்பை வயர் வைத்துக் கட்டுங்கள். இரண்டு பிரேக் பல்புகளையும் கழற்றிவிட்டு, சாவியைப் போட்டு பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். கட்டிய பல்பு பளிச்சென்று எரிந்தால் சோர்ட் இருக்கிறது, அதாவது வயர் பாடியில் முட்டுகிறது. வயர்க் கட்டை அடி அடியாக அசைத்துக்கொண்டே போங்கள். எந்த இடத்தில் பல்பு மங்குகிறதோ அங்கேதான் வயர் தேய்ந்திருக்கிறது. தகரத்தைத் துளைத்து வயர் நுழையும் ஒவ்வொரு இடத்திலும் ரப்பர் வளையத்தைப் பாருங்கள், காய்ந்து உடைந்திருக்கும்.

தயவுசெய்து பெரிய பியூஸோ சிகரெட் ஈயத்தாளோ வைக்காதீர்கள். மைனரில் மொத்தமே இரண்டு பியூஸ்தான், இரண்டும் 35 அம்பியர். ஹெட்லைட் வழிக்கு பியூஸே கிடையாது. அங்கே வயர் உரசினால் வயர்தான் எரியும். அதனால் நான் ஹெட்லைட்டுக்குத் தனியாக பியூஸ் போட்டுக்கொண்டேன்.

வயரை வெட்டினால் உள்ளே செம்பு பச்சையோ கறுப்போ இல்லாமல் பளபளக்கும் இடம் வரை பின்னுக்குப் போய் இணையுங்கள். கறுத்த செம்பில் ஈயம் ஒட்டாது. நிறங்கள் மங்கியிருந்தாலும் ஒரு துளி பெட்ரோலில் துடைத்தால் தெரியும். கறுப்பு எர்த், மண்ணிறம் எப்போதும் கரண்ட் உள்ளது, வெள்ளை சாவி போட்டால் வருவது, பச்சை அதே வழிதான், பியூஸைத் தாண்டியது. துடைத்த பெட்ரோல் காய்ந்து, வாசமும் போன பிறகுதான் பெட்டரியை மாட்டவேண்டும்.

நிறுத்தி வைத்து எஞ்சின் மெதுவாக ஓடும்போது மட்டும் எல்லா லைட்டும் மங்கினால் அது பழுதல்ல. டைனமோ அந்த வேகத்தில் அவ்வளவுதான் தரும்.

மீட்டரும் பல்பும் வைத்துச் சோதிக்கும்போது தவிர, வயரில் கை வைக்கும் முன் பெட்டரியின் எர்த் முனையை முதலில் கழற்றுங்கள். மைனரில் பொசிட்டிவ்தான் பாடிக்குப் போகிறது, மற்றக் கார்களைப் போல நெகட்டிவ் இல்லை. யாராவது இடையில் மாற்றியிருக்கவும் கூடும், ஆகவே கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். உங்கள் காரில் புதிதாகப் போட்ட ரேடியோவோ போன் சார்ஜரோ இருந்தால், அதன் உலோகக் கூடு டாஷ்போர்ட் தகரத்தில் முட்டுகிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள். அவற்றின் கூடு நெகட்டிவ். முட்டினால் அதுவே ஒரு சோர்ட்.